ஃபிளாஸ்க் மூடியில் காபி

கொல்கத்தாவில் இறங்கியதும் கைக்கடிகாரத்தைத்தான் முதலில் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி ஐந்து நிமிடம். தூத்துக்குடியில் இந்நேரம் உப்பளத்து வெயில் கண்ணைக் கூசவைக்கும். இங்கே தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நாடு முழுவதற்கும் ஒரே மணி என்று வைத்திருக்கிறோம். சூரியனுக்கு அது தெரியாது. நாங்கள் கிடர்பூர் துறைமுகக் குடியிருப்பில் இருந்தபோது கார்த்திகை மாதம் முழுவதும் அம்மா சொல்வாள்: "இந்த ஊர்ல பகலைக் கொஞ்சமாத்தான் அளந்து குடுக்காங்க."

நான் நில அளவைத் துறையில் வேலை பார்க்கிறவன். எதையும் அளந்து, எழுதிவைத்தால்தான் எனக்கு நிம்மதி. இந்த ஊரை விட்டுப் போனபோது பன்னிரண்டு வயது. இப்போது ஐம்பத்து நான்கு. இடையில் இரண்டே முறை வந்திருக்கிறேன். இது மூன்றாவது.

அண்ணன் சண்முகத்துக்குப் பெருங்குடலில் கட்டி. ஒரு சாண் நீளம் வெட்டி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணி ஷிப்ராதான் தொலைபேசியில் அழைத்தாள். அவள் வங்காளி. நான் அவளைப் பௌதி என்பேன். கணவனின் தம்பியான என்னை அவள் தாகுர்போ என்பாள். திருமணத்துக்குப் பிறகு அண்ணனிடம் தமிழ் கற்றுக்கொண்டவள் என்பதால் எல்லாவற்றுக்கும் 'லே' போடுவாள். அது மரியாதைச் சொல் இல்லை என்று முப்பது ஆண்டுகளாக யாரும் அவளிடம் சொல்லவில்லை.

"வாங்கலே தாகுர்போ. அவர் பயப்படுது. ஆனா சொல்ல மாட்டேங்குது," என்றாள்.

அண்ணன் பணி ஓய்வுக்குப் பிறகு நியூ டவுனில் பதினோராவது மாடியில் வீடு வாங்கியிருந்தான். வாடகைக் காரின் ஓட்டுநர் ஒரே வட்டச் சாலையை மூன்று முறை சுற்றினார். செல்பேசியில் ஒரு பெண் குரல் திரும்பு, திரும்பு என்றது. எல்லாக் கட்டடமும் ஒரே உயரம், ஒரே நிறம். "தாதா, இங்கே நெல்வயலா இருந்தப்ப எனக்கு எல்லா வழியும் தெரியும். இப்பத்தான் தெரியல," என்றார் அவர், கொஞ்சமும் வெட்கமில்லாமல். இங்கே தாதா என்றால் அண்ணன்.

கதவைத் திறந்ததும் அண்ணன் சொன்னது, "வாலே காபிக்காரா."

இந்தப் பெயரின் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் பிரிவில் மேற்பார்வையாளர். வயிற்றுப் புண்ணுக்கு அறுவை சிகிச்சை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். காலை எட்டு மணிக்கு அறுவை. துணைக்கு இருந்த அம்மாவுக்காக நான் ஆறரை மணிக்கு ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுபோனேன். அம்மா குளிக்கப் போயிருந்தாள். அப்பா கட்டிலில் இருந்து, "கொஞ்சம் ஊத்துலே, நாக்கு வறளுது," என்றார். ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். அரை மணி கழித்து நர்ஸுக்குக் காபி வாசனை தெரிந்துவிட்டது. அறுவையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அடுத்த வாரம் அறுவை நல்லபடியாக நடந்தது. ஆனால் பத்தாம் நாள் அப்பா இறந்துபோனார்.

ஒரு வாரம் தள்ளிப்போனதால்தான் அப்பா போனார் என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்தார்கள். யாரும் என்னை அடிக்கவில்லை. அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஜாதவ்பூரில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டுக் கருணை அடிப்படையில் அப்பாவின் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தான். அம்மாவும் நானும் தூத்துக்குடிக்குத் திரும்பினோம். அவன் அனுப்பிய பணத்தில் நான் படித்தேன். அந்த நாளிலிருந்து என் பெயர் காபிக்காரன். சிரித்துக்கொண்டேதான் கூப்பிடுவான். நானும் சிரிப்பேன். நாற்பத்திரண்டு ஆண்டுகளாக இருவரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

அண்ணன் அதற்குப் பிறகு காபி குடித்ததில்லை. நான் குடிப்பேன். ஆனால் யாருக்கும் என் கையால் எடுத்துக் கொடுத்ததில்லை. வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குக்கூட என் மனைவிதான் கொடுப்பாள். அவளுக்குக் காரணம் தெரியும்.

புதன்கிழமை காலை பௌதி லுச்சி பொரித்தாள். வெள்ளை மைதாப் பூரி, உருளைக்கிழங்குக் கறி, கடைசியில் மண் சட்டியில் இனிப்புத் தயிர். எங்கள் ஊரில் தயிர் புளித்தால்தான் தயிர். இங்கே அது கேசரிக்குச் சொந்தபந்தம் போல இருக்கிறது. சிறுவயதில் கிடர்பூர்க் கடைத்தெருவில் அண்ணன் எனக்கு ஒரு சட்டி வாங்கித் தருவான். தயிர் தீர்ந்ததும் சட்டியைச் சுவரில் எறிந்து உடைப்பது என் உரிமை. அன்றும் சட்டியைக் காலி செய்து கையில் வைத்திருந்தேன். "பதினோராவது மாடிடே. கீழ போறவன் தலை," என்றான் அண்ணன்.

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மயக்க மருந்து மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். மயக்க மருந்து கொடுப்பவரை அறுவைக்கு முன் ஒரு நிமிடம் பார்ப்பதுதான் நான் அறிந்த வழக்கம். டாக்டர் அனிந்திதா எங்களோடு நாற்பது நிமிடம் உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். குட்டை முடி, பருத்திப் புடவை, கையில் ஒரு மரப் பென்சில்.

அவர் கேட்ட கேள்விகள் விசித்திரமாக இருந்தன. ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடப்பீர்கள்? உங்கள் வீட்டு நாற்காலி எவ்வளவு உயரம்? காலையில் எழுந்ததும் என்ன குடிப்பீர்கள்? பிறகு அண்ணனிடம் வங்காளியில் சொன்னதை நான் அப்படியே குறித்துக்கொண்டேன்:

"நாளைக்கு அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்பு ஒரு இனிப்புத் தண்ணீர் குடிக்க வேண்டும். பட்டினி கிடக்கக் கூடாது. முதுகில் மெல்லிய குழாய் வைத்து வயிற்றுப் பக்கம் மட்டும் வலியைக் குறைப்பேன். மாலையில் நாற்காலியில் உட்கார வேண்டும். மறுநாள் நடக்க வேண்டும். காபி குடிப்பீர்களா? குடல் சீக்கிரம் விழித்துக்கொள்ளக் காபி உதவுகிறது. குடிக்கிறவர்களுக்கு நான் கொடுப்பதுண்டு."

"இல்லை. நாற்பத்திரண்டு வருஷமா இல்லை," என்றான் அண்ணன். என்னைப் பார்க்கவில்லை.

"பரவாயில்லை. சூயிங் கம் மெல்லுங்கள், அதுவும் குடலை எழுப்பும்," என்று எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அண்ணன், "அறுவைக்கு முன்னால குடிக்கணுமாம். பாத்தியாலே, ஒனக்குத் தோதான டாக்டரு," என்றான். நானும் சிரித்தேன்.

அன்றே அண்ணனை அறையில் சேர்த்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை அறுவை காலை ஒன்பது மணிக்கு. ஏழு மணிக்குள் இனிப்புத் தண்ணீர் குடித்து முடிக்க வேண்டும். ஆறு இருபதுக்கு நர்ஸ் ஒரு பெரிய கோப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். எலுமிச்சை வாசனை. அண்ணன் கழிவறையில் இருந்தான். நான் தாழ்வாரத்துக்குப் போய் மகனிடம் தொலைபேசியில் நான்கு நிமிடம் பேசினேன். திரும்பி வந்தபோது கோப்பை காலியாக இருந்தது. அண்ணன் அப்போதுதான் கழிவறையிலிருந்து வந்தான். பௌதி கை கழுவும் தொட்டியருகே நின்றாள்.

தொட்டியில் எலுமிச்சை வாசனை வந்தது.

"பௌதி," என்றேன்.

அவள் அழுதுவிட்டாள். "தாகுர்போ, மா சொல்லிருக்கா. அறுவைக்கு முன்னாடி ஒரு சொட்டு தண்ணி உள்ள போனா உயிர் போகும்னு. நான் எப்படிலே குடுப்பேன்?"

என் அம்மா எப்போதோ இவளிடம் சொன்ன கதை இது. காபிக் கதை. என் பன்னிரண்டு வயது, இவள் கைக்குள் வந்து கோப்பையைக் கவிழ்த்திருக்கிறது. பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அண்ணன் குடித்துவிட்டான் என்று நர்ஸ் குறித்துக்கொள்வாள். யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாமல் இருந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். நர்ஸிடம் சொன்னேன்.

டாக்டர் அனிந்திதா அவரே வந்தார். பௌதியைத் திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு முப்பத்தொன்பது. இன்னொரு கோப்பை கலந்து என் கையில் கொடுத்தார். "நீங்கள் கொடுங்கள். நேரம் எழுதுகிறவர் நீங்கள்தானே?"

என் கை அண்ணன் பக்கம் போகவில்லை. கோப்பை கனமாக இருந்தது என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். நானூறு மில்லி எவ்வளவு கனம் இருந்துவிடப்போகிறது?

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தான். "ஏலே காபிக்காரா. மறுபடியுமா?" என்றான். பிறகு கையை நீட்டினான். குடித்து முடித்தபோது ஆறு ஐம்பத்திரண்டு.

அறுவை முடிந்தது மதியம் ஒன்றரைக்கு. நல்லபடியாக முடிந்தது என்று அறுவை மருத்துவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிப் போனார். பௌதியைக் கீழே சாப்பிட அனுப்பினேன். சிற்றுண்டிச் சாலையில் மீன் குழம்பும் சோறும். நோயாளிகளின் உறவினர்கள் முள்ளை எடுப்பதில் காட்டும் கவனத்தில் கவலையை மறந்துவிடுகிறார்கள். என்னால் மீன் முள்ளோடு போராட முடியவில்லை. நாற்காலியிலேயே இருந்தேன். டாக்டர் அனிந்திதா காகிதக் கோப்பையில் தேநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்போது சொல்லுங்கள். உங்கள் அண்ணி ஏன் ஊற்றிவிட்டார்?"

சொன்னேன். சிறுவயது வங்காளியில், சொல் கிடைக்காத இடத்தில் ஆங்கிலத்தில். அவர் இடையில் இரண்டே கேள்வி கேட்டார்.

"பால் சேர்த்த காபியா?"

"ஆமாம். ஒரு மூடி."

"பால் என்றால் நானும் தள்ளிவைத்திருப்பேன். அது வயிற்றில் தங்கும். ஆனால் ஒரு வாரம் இல்லை. ஆறு மணி நேரம்." கொஞ்சம் தேநீர் குடித்தார். "அறுவைக்குப் பிறகு அப்பா எப்போது நடந்தார்?"

"நடக்கவே இல்லை. அசையக் கூடாது, தையல் பிரிந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். பத்தாம் நாள் முதல்முறையாகக் கழிவறைக்கு எழுப்பினார்கள். நாலு அடி வைத்தார். மூச்சு வாங்கியது. அவ்வளவுதான்."

டாக்டர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நாற்பது வருஷத்துக்கு முந்தையதை நான் இங்கிருந்து நிச்சயமாகச் சொல்ல முடியாது," என்றார். "ஆனால் அந்த ஒரு வாரத்தையும் இந்தப் பத்து நாளையும் என் முன்னால் வைத்தால், நான் பயப்படுவது பத்து நாளுக்குத்தான். படுத்தே இருந்தால் காலில் ரத்தம் உறையும். எழுந்ததும் அது நுரையீரலுக்குப் போகும். அன்றைக்கு எல்லோருமே படுக்கத்தான் சொன்னார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது." எழுந்து நின்றார். "தூங்கவைக்கத்தான் நான் இருக்கிறேன் என்று நினைக்கிறார்கள். அதற்கு மருந்து போதும். எழுந்து நடக்கவைப்பதில்தான் எனக்கு வேலை."

அவர் போன பிறகு நான் மகிழ்ந்திருக்க வேண்டும். நாற்பத்திரண்டு ஆண்டு பாரம். ஆனால் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அந்தப் பத்து நாளும் அப்பாவின் கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்து காவல் காத்தவன் அண்ணன். அப்பா காலை அசைத்தால்கூட, "ஆடாதீங்கப்பா," என்று பிடித்துக்கொள்வான். அவ்வளவு பொறுப்பாகப் பார்த்துக்கொண்டான் என்று அம்மா சாகும்வரை பெருமையாகச் சொன்னாள்.

டாக்டர் சொன்னதை நாட்குறிப்பில் எழுதவில்லை. அண்ணனிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை அண்ணன் நடந்தான். வார்டுத் தாழ்வாரம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருபத்தெட்டு மீட்டர். நான் காலடி வைத்து அளந்தேன். தரையில் ஐந்து மீட்டருக்கு ஒரு மஞ்சள் கோடு ஒட்டியிருந்தார்கள். காலுறை போன்ற இறுக்கமான துணி, கையில் சொட்டு மருந்துக் கம்பி, வயிற்றைப் பிடித்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணை. முதல் நடை பத்து மீட்டர். இரண்டாவது நடை முழுத் தாழ்வாரம். பக்கத்து அறைக் கிழவர் வாசலில் நின்று, "தாதா, மாரத்தானா?" என்று கேட்டார். "நேத்து குடல் போச்சு, இன்னைக்கு மானம் போகுது," என்று அண்ணன் வங்காளியில் சொன்னான். நர்ஸுகள் சிரித்தார்கள்.

பிறகு நான் பலகாரத்துக்குத் தெருவுக்குப் போனேன். கச்சோரி, கறி, மண் குவளையில் தேநீர். திரும்பி வந்தபோது டாக்டர் அண்ணனைப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். அண்ணன் படுத்திருந்தான். முகம் மாறியிருந்தது. வலி என்றான். மாலை நடைக்கு எழவில்லை.

சனிக்கிழமை காலை அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வயிறு உப்பியிருந்தது. குடல் இன்னும் விழிக்கவில்லை. வயிற்றுக் காற்று பிரிந்ததா என்று ஆளாளுக்கு வந்து கேட்டார்கள். ஊரில் கல்யாணம் எப்போது என்று கேட்பது போல அத்தனை பேருக்கும் அந்த ஒரு காற்றில் அக்கறை. நடக்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டிவரலாம் என்றாள் நர்ஸ். அண்ணன் அசையவில்லை.

பௌதி என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப்போனாள். "நேத்து அவர் டாக்டர்கிட்ட கேட்டுதுலே, ஏன் நடக்கச் சொல்றீங்கன்னு. அவங்க சொன்னாங்க, கால்ல ரத்தம் கட்டும்னு. இவர் கேட்டுது, கட்டுனா எப்படி இருக்கும்னு. அவங்க சொன்னாங்க. எழுந்ததும் மூச்சு வாங்கும்னு. அதுலேர்ந்து பேசல."

நான் மறைக்க நினைத்ததை அவனே கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டான்.

உள்ளே போய்க் கட்டிலின் மறுபக்கம், சுவருக்கும் அவனுக்கும் நடுவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இனி அவன் என்னைத்தான் பார்க்க வேண்டும்.

"மூணாம் நாளு அப்பா கேட்டாருலே," என்றான். "கொஞ்சம் எந்திச்சு உக்காரட்டான்னாரு. காலைத் தொங்கப் போட்டுட்டாரு. நான் தூக்கி மேல வச்சேன். ரெண்டு காலையும். இந்தக் கையால."

"தெரியாதுல்லா அண்ணே. டாக்டரே படுக்கத்தானே சொன்னாரு."

"ஒன்னைய இத்தனை வருஷமா..." கண்ணை மூடிக்கொண்டான். "நான் எந்திக்க மாட்டேன். விடு."

எனக்குக் கோபம் வந்தது. அண்ணனிடம் நான் குரலை உயர்த்தியது அதுவே முதல்முறை; நேரம் காலை ஒன்பது ஐம்பது.

"நீங்க ஒரு மூடிக் காபிய என் தலையில வச்சீங்க. அதைத் தூக்கிக்கிட்டு நான் நாப்பத்திரெண்டு வருஷம் நடந்தேன். படிச்சேன், வேலை பாத்தேன், கல்யாணம் பண்ணேன். படுத்துக்கிடக்கல. உங்களால இருவத்தெட்டு மீட்டர் நடக்க முடியாதா?"

வாசலில் நர்ஸ் வந்து நின்றாள். தமிழ் புரியாது, குரல் புரிந்திருக்கும். அண்ணன் என்னையே பார்த்தான். பிறகு தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு, ஒரு காலை, பிறகு மறுகாலைக் கட்டிலிலிருந்து தொங்கப் போட்டான். நான் தூக்கி மேலே வைக்கவில்லை.

இருபத்தெட்டு மீட்டர். திரும்பி இருபத்தெட்டு. கடைசி மஞ்சள் கோட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "அந்த டாக்டரு காபி சொல்லுச்சே. வாங்கிட்டு வா. கலக்குற தூளு வேண்டாம். நம்ம காபி."

டாக்டரிடம் கேட்டேன். "ஒரு கோப்பை. பால் கொஞ்சமாக. ஒரே மடக்கில் வேண்டாம்," என்றார். "காபி மட்டும் போதாது, நடக்கவும் வேண்டும் என்று சொல்லுங்கள்."

நம்ம காபி என்றால் லேக் மார்க்கெட். தமிழ்க் கடைகள் அங்கேதான். எஸ்பிளனேட் வரை பஸ், பிறகு மெட்ரோ என்பது என் திட்டம். எஸ்பிளனேடில் இறங்கி மெட்ரோவை நோக்கி நடந்தபோது ஒரு கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தைத் தட்டி, "கிடர்பூர், கிடர்பூர், கிடர்பூர்!" என்று கூவினார். என் கால்கள் ஏறிவிட்டன. இதற்கு நாட்குறிப்பில் எழுத என்னிடம் விளக்கம் இல்லை.

குதிரைப் பந்தயத் திடல் தாண்டிய பிறகுதான் எங்கே போகிறேன் என்று உறைத்தது. இறங்கவில்லை. மைதானத்துப் புல்லுக்குள் பழைய டிராம் தண்டவாளம் தெரிந்தது. இப்போது அந்தத் தடத்தில் டிராம் ஓடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் என்னை அதில் கூட்டிப்போவான். சன்னலோரம் எனக்கு. முன்னால் ஒரு ஆடு தடத்தில் நின்றால் டிராமும் நிற்கும். ஓட்டுநர் மணியைக் காலால் மிதித்துக்கொண்டே இருப்பார், ஆடு தன் வேலையை முடித்துவிட்டுத்தான் போகும். "ஆஸ்தே, லேடீஸ்!" என்று இந்தப் பஸ்ஸின் கண்டக்டர் கத்தினார். மெதுவாக, பெண்கள் இறங்குகிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கத்தல் மட்டும் மாறவில்லை.

கிடர்பூரில் இறங்க மறந்தேன். பஸ் அடுத்து நின்ற இடம், கப்பல் வரும்போது இரண்டாகப் பிளந்து மேலே தூக்கும் பாலம். தூக்கியிருந்தார்கள். லாரிகள், கைவண்டிகள், நாங்கள், எல்லோரும் இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தோம். நான் இறங்கி நின்றேன். அப்பா இதே இடத்தில் எங்களை நிறுத்திக் கப்பலின் பெயரையும் ஊரையும் படிக்கச் சொல்வார். முதல் வாய்ப்பு எனக்கு. நான் தப்பாகத்தான் படிப்பேன். அண்ணனுக்குச் சரியான பெயர் தெரியும். அப்பா கண்ணைக் காட்டினால் ஒழிய வாயைத் திறக்க மாட்டான்.

கப்பல் மெல்லக் கடந்தது. பின்புறத்தில் எழுதியிருந்த பெயரை வாய்விட்டுப் படித்தேன். பக்கத்தில் பாரம் ஏற்றிய கைவண்டியில் சாய்ந்திருந்தவர், "துறைமுகத்து ஆளா?" என்று கேட்டார்.

"ஆமாம்," என்றேன். "அப்பாவும் அண்ணனும்."

அங்கிருந்து டாக்சியில் லேக் மார்க்கெட் போய்ச் சேர்ந்தபோது ஒன்று ஐம்பது. வாழையிலை, அப்பளக் கட்டு, காபிக்கொட்டை அரைக்கும் வாசனை. கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். தாத்தா காலத்தில் வந்த குடும்பமாம். வங்காளம் பேசுகிற வேகத்திலேயே தமிழ் பேசினார்; சித்தப்பாவுக்கு மட்டும் வங்காளிக் 'காகு'.

"சிக்கரி எவ்வளவு போடட்டும் காகு?"

"சிக்கரி வேண்டாம்."

"சிக்கரி இல்லாமயா? கும்பகோணத்து மாமிங்க காதுல விழுந்தா என்னைக் கடையை மூடச் சொல்லுவாங்க."

"அண்ணன் ஆஸ்பத்திரியில இருக்காரு. நாப்பத்திரெண்டு வருஷம் கழிச்சுக் குடிக்கப்போறாரு."

அரைக்கும் பொத்தானில் வைத்த கையை எடுத்துவிட்டு அவர் வேறொரு டப்பாவைத் திறந்தார். "அப்ப இதைப் போடறேன். நேத்து வறுத்தது." ஒரு சிறிய எவர்சில்வர் ஃபில்டரும் அவரிடமே வாங்கினேன்.

மூன்றே முக்காலுக்கு நியூ டவுன் வீடு. பௌதியின் அடுப்பில் நானே தண்ணீர் கொதிக்கவைத்தேன். ஊற்றி, மூடி, காத்திருந்தேன். டிகாக்‌ஷன் சொட்டும் சத்தம் அந்தப் பதினோராவது மாடியில் நன்றாகவே கேட்டது. பால் கொஞ்சம், சர்க்கரை ஒரு கரண்டி. ஃபிளாஸ்க்கில் ஊற்றித் திருகினேன். பை, குடை, நாட்குறிப்பு, பேனா எல்லாம் சரிபார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, டம்ளரை மறந்துவிட்டேன் என்று. இருபத்தொன்பது ஆண்டு வேலையில் சங்கிலியை மறந்து நிலம் அளக்கப் போனதில்லை நான்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மாலை நடை முடித்துவிட்டானாம். ஃபிளாஸ்க் மூடியைத் திருகி எடுத்தேன். அவன் அதைப் பார்த்தான். நானும் பார்த்தேன். ஊற்றினேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. மணி ஆறு ஐந்து.

ஒரு வாய் குடித்தான். வாயிலேயே வைத்திருந்து விழுங்கினான்.

"சர்க்கரை கொறவு," என்றான். "அப்பாவுக்கு எத்தனை கரண்டி?"

"அது அம்மாவுக்குப் போட்ட காபி அண்ணே. ரெண்டு."

"நல்லாருக்குன்னாரா?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அன்று காலை அப்பாவின் முகம் எனக்கு அப்படியே வந்தது. மூடியின் விளிம்பை நாக்கால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்த முகம்.

"இன்னும் கொஞ்சம் இருக்கான்னு கேட்டாரு," என்றேன்.

"குடுத்தியா?"

நர்ஸிடம், அம்மாவிடம், போலீஸ் போல வந்து விசாரித்த மாமாவிடம், வியாழக்கிழமை டாக்டர் அனிந்திதாவிடம், எல்லோரிடமும் நான் சொன்னது ஒரு மூடி.

"குடுத்தேன் அண்ணே. ரெண்டு மூடி."

அண்ணன் என்னை முறைத்தான். பிறகு அவன் தோள் குலுங்கியது. தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டான். "ரெண்டு மூடியா! அட பாவி! நாப்பத்திரெண்டு வருஷமா பாதிக் கேசுதான் போட்டுருக்கேம்லே ஒம்மேல!" வலிக்கிறது, சிரிக்கவைக்காதே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. "போட்டும். மனுசன் ஆசை தீரக் குடிச்சுட்டுத்தான் போயிருக்காரு."

அந்தச் சிரிப்பின் நடுவே, ஆறு பதினான்குக்கு, அந்த அறையில் எல்லோரும் இரண்டு நாளாகக் காத்திருந்த சத்தம் கேட்டது.

பௌதி இரண்டு கையையும் கூப்பினாள். வங்காளிப் பெண்கள் மங்கல நேரத்தில் நாக்கைச் சுழற்றிப் போடும் குலவையை அந்த வார்டில் ஓங்கிப் போட்டாள். நர்ஸ் ஓடிவந்து, "மாஷிமா, இது ஆஸ்பத்திரி!" என்றாள். விஷயம் தெரிந்ததும் தானே கைதட்டினாள்.

அண்ணன் மூடியைக் காலி செய்தான். விளிம்பை நாக்கால் துடைத்தான். என்னிடம் நீட்டினான்.

"ஏலே முத்து," என்றான். என் பெயர் அதுதான். அவன் வாயில் அதைக் கேட்டு எத்தனை ஆண்டு என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். "இன்னும் கொஞ்சம் இருக்கா?"

டாக்டர் சொன்ன ஒரு கோப்பையில் பாதிதான் ஆகியிருந்தது. இருந்தது. ஊற்றினேன். நாட்குறிப்பில் இரண்டு மூடி என்று எழுதினேன்.